செவெல் தன் சொந்தக் காலில் வருகிறது

ஃபிண்ட்லே, ஓஹையோ
14 ஜூன் 1994, செவ்வாய்

அன்பும் மரியாதையும் குறையாத மச்சான் மெர்லுக்கு,

உன் அக்கா நார்மாவின் கணவன் ரஸ்ஸல் எழுதிக்கொள்வது. உன் மூட்டுவலியையும் தோட்டத்துத் தக்காளியையும் நார்மா தொலைபேசியில் விசாரித்துவிட்டாள். இரண்டும் நன்றாக வளர்வதாகக் கேள்வி. இங்கே நான், அவள், கடையில் விலைபோகாமல் நிற்கும் நாற்பது பழைய குளிர்பெட்டிகள், எல்லோரும் சுகம்.

ஈஸ்டர் அன்று உன் வீட்டு மேசையில் பேசியதை நீ மறந்திருக்க மாட்டாய். வரும் ஞாயிறு விருந்துக்கு என் அறுபத்தொன்பதாம் வருடத்துச் செவெல் கார் யாரும் இழுக்காமல் தன் சொந்தக் காலில் உன் வாசலுக்கு வர வேண்டும்; வராவிட்டால் வாங்கிய விலைக்கே அது உனக்கு. கொட்டகையில் அதற்கு இடம்கூட ஒதுக்கிவிட்டாயாம். அந்த இடத்தில் புல்வெட்டும் இயந்திரத்தை நிறுத்திக்கொள். கார் வருகிறது.

தப்பு என்னுடையது, ஒளிக்கவில்லை. பதினேழு வயதிலிருந்து பழைய சாமானைப் பிரித்து மாட்டி விற்றுப் பிழைத்தவன், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் ஒரு கார்புரேட்டர் என்னை என்ன செய்துவிடும் என்று அதைக் கழற்றி, ஊறவைத்து, துலக்கி, புதுச் சாமான் பெட்டியில் காற்றுக் கசியாமல் அடியில் வைக்க மூன்று கேஸ்கட் இருக்கவும், தடித்த பொருள்தான் நல்ல பொருள் என்ற கடைக்காரப் புத்தியில் இருப்பதிலேயே தடித்ததை வைத்து முடுக்கினேன். இன்ஜின் உறுமியது, என் மார்பு விரிந்தது, முதல் சிக்னலில் கார் செத்தது. சனிக்கிழமை பர்கர் கடை மைதானத்தில் மற்ற பழைய கார்களோடு வரிசையில் நிறுத்திப் பானட்டைத் தூக்கினேன். நம் ஊரில் திறந்த பானட்டைக் கடந்து சும்மா போவது மரியாதை இல்லை என்பது உனக்குத் தெரியும். மடக்கு நாற்காலியிலிருந்து எழுந்து வந்தவர்கள் எல்லாம் ஸ்க்ரூடிரைவரோடு வந்தார்கள். "இடது திருகை ஒரு கால் சுத்து விடு ரஸ்ஸல், சரியாப் போயிடும்." "அவன் சொல்றதைக் கேக்காத. அவன் காரே தள்ளித்தான் வந்துச்சு. வலது பக்கத்தை இறுக்கு." எல்லோரும் சரி செய்த பிறகு கார் மைதானத்தை விட்டே நகரவில்லை.

அப்போதுதான் பக்கத்துத் தெரு ஆர்லீன் கொசாக் கையில் மில்க்‌ஷேக்கோடு வந்தார். பள்ளிப் பேருந்துப் பணிமனையில் இருபத்திரண்டு வருடம் மெக்கானிக்காக வேலை பார்த்த அம்மாள். பானட்டுக்குள் பார்க்கவே இல்லை, என் முகத்தைப் பார்த்தார்.

"ஏம்பா ரஸ்ஸல், இதுல எத்தனை பேரு கை வச்சாங்க?"

"ஏழு பேரு."

"சரியாச் சொல்லு."

"என்னையும் சேத்தா எட்டு."

"அப்ப எட்டு பேரும் அந்தப் பக்கம் போய் நில்லுங்க."

தோட்டக் குழாயில் ஒரு முழம் கேட்டார். இன்ஜினை ஓடவிட்டு, ஒரு முனையைத் தன் காதில் வைத்து, மறுமுனையைக் கார்புரேட்டரின் அடியைச் சுற்றி மருத்துவர் நெஞ்சைப் பார்ப்பதுபோல் மெதுவாக நகர்த்தினார். ஓரிடத்தில் நின்று என்னைக் கூப்பிட்டுக் குழாயை என் காதில் வைத்தார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. நான் வைத்த கேஸ்கட் இந்த வண்டிக்கானதே இல்லை. ஒரு துளை மூடாமல் கிடந்திருக்கிறது. "திருட்டுக் காத்து உள்ள போயிட்டிருக்கு, நீங்க திருகைப் போட்டு அடிச்சிருக்கீங்க." பெட்டியிலிருந்த மெல்லிய கேஸ்கட்டை மாட்டி, திருகு இரண்டையும் மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறந்து, பிறகு கண்ணை மூடிக்கொண்டு காதால் சரிசெய்தார். முப்பது வருட வியாபாரத்தில் எத்தனையோ கெட்டிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். கை வைக்கும் முன் இவ்வளவு நேரம் காத்திருந்த ஒருவரைப் பார்த்ததில்லை. என் கடைக்கு வேலைக்கு வருகிறீர்களா என்று கேட்டேன்.

"வேணாம்ப்பா. நீ வித்ததை எல்லாம் திருப்பி வாங்கச் சொல்லிடுவேன்."

ஆகவே ஞாயிறு பதினொரு மணிக்கு நானே ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டி வந்து உன் வாசலில் இறங்குவேன். கேமராவில் ஃபிலிம் போட்டு வை. உன் பிள்ளைகள் நீடூழி வாழட்டும், உன் மனைவி கையால் செய்யும் உருளைக்கிழங்கு சாலட் குறையாதிருக்கட்டும், உன் மூட்டுவலி இறங்கட்டும்.

இப்படிக்கு,
உன்னிடம் தோற்காத
ரஸ்ஸல்

பி.கு.: உறையை ஒட்டும் முன் ஆர்லீன் வந்தார். சிக்னலில் அணையாமல் நிற்கிறதா என்று பார்க்கப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வருகிறேன் என்றார். ஒரு மணி நேரம் கழித்து வந்தார். கார் அவ்வளவு சீராகச் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. "எல்லா சிக்னல்லயும் நின்னுச்சு, எங்கயும் அணையல" என்றார், இறங்கவில்லை. பொருளிலிருந்து கையை எடுக்காத ஆளிடம் விலையை ஏற்றலாம் என்பது என் தொழிலில் முதல் பாடம். நான் ஏற்றவில்லை, வாங்கிய விலையைச் சொன்னேன், அவர் சரி என்றார். ஜன்னலிலிருந்து நார்மா, "இன்னிக்குத்தான் உங்களுக்குப் புத்தி வந்திருக்கு" என்றாள். ஞாயிறன்று ஆர்லீன் ஓட்ட, செவெல் நான் சொன்னபடி சொந்தக் காலில் வரும், ஆனால் இனி அது உனக்குமில்லை, எனக்குமில்லை. ஆர்லீனுக்கு ஒரு தட்டு கூடுதலாக வை. நாங்கள் பின்னால் நார்மாவின் வண்டியில் வருகிறோம். அதன் பானட்டை நான் இதுவரை திறந்ததே இல்லை என்பதால் நேரத்துக்கு வந்துவிடுவோம்.