ஒரே சீரியல் போர்ட்டில் என் பேக்கரியையே மாட்டிவிட்டுப் போன மாப்பிள்ளைக்கு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம் என்று எழுதுவதுதான் மரியாதை, ஆகவே நலம். அங்கே நீங்களும் என் மகளும் நலமாயிருக்க வேண்டுகிறேன். மற்றபடி அடுப்பு நலமில்லை, தராசு நலமில்லை, எனக்கு ரத்தக்கொதிப்பு.

போன தடவை வந்தபோது, "கம்ப்யூட்டருக்குப் பின்னாடி ஒரே ஒரு சீரியல் போர்ட்தான் இருக்கு மாமா, கவலைப்படாதீங்க" என்றீர்கள். நான் கவலையே படவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். உங்கள் அத்தை சீரியல் என்றதும் ரிமோட்டைத் தேடினாள். நீங்கள் ஒரு வாலும் பல வாய்களும் உள்ள பெட்டியைக் கொண்டுவந்து, வாலைப் போர்ட்டில் செருகி, வாய்களில் தராசு, லேபிள் பிரிண்டர், அடுப்பின் சூடு பார்த்துத் தீயை ஏற்றி இறக்கும் கருவி எல்லாவற்றையும் மாட்டினீர்கள். "கம்ப்யூட்டர் ஒவ்வொண்ணா கூப்பிடும், கூப்பிட்டது மட்டும் பேசும்" என்றீர்கள். நம் வீட்டில் நடக்காதது பெட்டிக்குள் நடக்கிறதே என்று பூரித்துப்போனேன். அடுப்பில் கையால் தீயைக் கூட்டிக் குறைக்கும் திருகைக்கூட "இனி இது எதுக்கு மாமா?" என்று கழற்றிவிட்டீர்கள். அதற்கும் பூரித்தேன்.

நீங்கள் கிளம்பியதும் உங்கள் அத்தை பெட்டியைத் தூசி தட்டுகிறேன் என்று ஒயரையெல்லாம் பிடுங்கி, ஈரத்துணியால் துடைத்து, திரும்பச் செருகினாள். வாய்களுக்கு மேல் நீங்கள் எழுதியிருந்த எண்களும் துணியோடு போச்சு. அதிலிருந்து கம்ப்யூட்டர் அடுப்புச் சூட்டை எடை என்கிறது, எடையைச் சூடு என்கிறது. ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் சின்ன பன்னையும் பெரிய ரொட்டியையும் லேபிளோடு தூக்கிக் காட்டி, "ரெண்டுமே இருநூத்திருபது கிராமா? அப்ப பன் விலைக்கு ரொட்டியைக் குடுங்க"ங்கிறார்.

அதுகூடப் பரவாயில்லை மாப்பிள்ளை. டாக்டர் வீட்டுக் கல்யாண கேக்கு! தராசு காலியா இருந்தா அடுப்பு ஜில்லுனு இருக்குன்னு நினைச்சு கம்ப்யூட்டர் தீயை ஏத்துது. தராசுல மாவை வெச்சா சூடு போதும்னு அணைச்சுடுது. வேற வழி? உங்க அத்தை மாவு உருண்டையோட தராசுகிட்ட நிக்கிறா. நான் லேபிளைக் கிழிச்சுக் கிழிச்சுச் சூட்டைப் படிக்கிறேன். "நூத்தித் தொண்ணூறு! வை!" "நூத்தி எழுபது! தூக்கு!" கடைக்கு வந்தவங்க எங்களுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு அப்படியே திரும்பிப் போனாங்க.

கேக் பாதி வெந்திருக்கும், போன் அடிச்சுது. உங்க அத்தை மாவும் கையுமா ஓடினா. அழைச்சது நீங்கதான். "பெட்டி எப்படி வேலை செய்யுது அத்தை?"ன்னு கேட்டீங்களாம். "அருமையா வேலை செய்யுது மாப்பிள்ளை"ங்கிறா! நான் இங்கே "வை! வை!"ன்னு கத்துறேன், அவ போனை வெச்சுட்டா. மாவை வைக்கலை. கேக் கரியாப் போச்சு.

"மாப்பிள்ளை மனசு நோகக் கூடாதுன்னு சொன்னேன்"ங்கிறா. என் மனசு என்ன தகரமா?

கடைசியில், இத்தனை வருஷமா நான் முகம் கொடுத்துப் பேசாத எதிர் பேக்கரி மீசைக்காரர்கிட்டப் புதுசா கலந்த கேக் மாவோட போய் அடுப்பு கேட்டேன். மனுஷன் ஒதுங்கி வழி விட்டார். தீக்குச்சி கிழிச்சார், திருகைத் திருப்பினார், எரிஞ்சுது. கேக் பொன்னிறமா வந்தப்பதான், "உங்க மாப்பிள்ளை இன்ஜினியராமே?"ன்னு மெதுவா கேட்டார். கேக்கைத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன்.

ஆகவே மாப்பிள்ளை அவர்கள் தயவுசெய்து உடனே வந்து, திருகை எனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெட்டியை எடுத்துப் போகவும். இனி என் கடையில் எதுவும் எதோடும் பேச வேண்டாம். நீங்கள் இருவரும் குறைவில்லாமல், ஆளுக்கொரு போர்ட்டோடு நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,

மாமனார்.

பி.கு.: பெட்டியைக் கட்டி வைக்கலாம் என்று ஒயர்களைக் கழற்றினேன். அடுப்பு அடியோடு படுத்துவிட்டது. பயந்துபோய்க் கைக்கு வந்தபடி திரும்பச் செருகினேன். எடை எடையாகவும் சூடு சூடாகவும் அற்புதமாக வருகிறது! எனவே மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம்; படித்திருந்தால் மறந்துவிடவும். பெட்டியில் ஒரு வாய் சும்மா கிடக்கிறது. மாவு பிசையும் மெஷினை அதில் மாட்டலாமா? சீக்கிரம் சொல்லவும், ஒயர் வாங்கிவிட்டேன்.