லோஞ்சியும் இடது பிரேக்கும்

புத்தகம் படித்தால் தலைக்கு விஷயம் தெரியும், காலுக்குத் தெரியாது. இதை நான் இருபத்தொன்பது வயதில், ஒரு சனிக்கிழமை காலை ஏழு ஐம்பத்திரண்டுக்கும் ஏழு ஐம்பத்தைந்துக்கும் இடையே, ரங்கூனின் தாகேதாப் பகுதியில் ஒரு கால்பந்து மைதானத்தின் நடுவில் தெரிந்துகொண்டேன். நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்லக் காரணம் உண்டு. புறப்பட்டபோதும் கடிகாரத்தைப் பார்த்தேன், நின்றபோதும் பார்த்தேன். (நின்றபோது பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லை. யார் முகத்தையும் பார்க்கும் நிலைமையில் நான் இல்லை.)

தேவசகாயம் அங்கிள் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, பதினோரு வருஷமாக ஒரு சின்ன விமானம் கட்டிக்கொண்டிருந்தார். ஒரே ஆள் உட்காரலாம். பழைய கார் இன்ஜின், அவரே செதுக்கிய மரக் காற்றாடி, லத்தா கடைத்தெருவில் பொறுக்கி எடுத்த மோட்டார் சைக்கிள் பிரேக் கேபிள்கள். பறக்க அனுமதி கிடையாது. கேட்கும் துணிச்சல் எங்கள் யாருக்கும் கிடையாது. இறக்கைகள் கொட்டகைச் சுவரில் சாய்ந்தே கிடந்தன. "தரையிலே ஒருவாட்டி ஓடட்டும்ப்பா, கண்ணாலே பாத்துர்றேன்" என்பதுதான் அவர் ஆசை.

அவரே ஓட்டியிருக்கலாம். இருக்கையைத் தன் இடுப்புக்கு அளவெடுத்துத்தான் செய்திருந்தார். ஆனால் அது பதினோரு வருஷத்துக்கு முந்தைய இடுப்பு.

ஆகவே ஒல்லியான ஆள் ஒருவன் தேவைப்பட்டான். எனக்கு அவர் மகள் ஸ்டெல்லா தேவைப்பட்டாள். நாங்கள் இருவரும் முடிவுசெய்து மூன்று மாதம் ஆகியும் அங்கிள் சம்மதம் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. அவர்கள் ஞாயிற்றுக்கிழமைக் கோயில், நாங்கள் வெள்ளிக்கிழமைக் கோயில். கேட்கும்போதெல்லாம் "பாப்பம்" என்பார். இந்தப் 'பாப்பம்'களை நான் தேதிவாரியாக டைரியில் எழுதி வைத்திருந்தேன். மொத்தம் பதினான்கு.

விமானம் ஓட்ட ஆள் தேடுகிறார் என்று தெரிந்ததும் நான் படிக்க ஆரம்பித்தேன். கையில் கிடைத்த எல்லாவற்றையும் படித்தேன். ஆரம்பகால விமானங்களுக்குப் பிரேக்கே கிடையாது, வாலில் இருந்த ஒரு கட்டை தரையைக் கீறித்தான் அவற்றை நிறுத்தும் என்றெல்லாம் அங்கிளுக்கே பாடம் எடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். (ஸ்டெல்லா பின்னாளில் சொன்னது: "அப்பா அப்ப தூங்கிட்டு இருந்தாரு.")

விஷயம் இவ்வளவுதான். தரையில் விமானத்தை ஓட்டுவது காலால். வலது பெடலை மிதித்தால் வலப்பக்கம் திரும்பும், இடதை மிதித்தால் இடப்பக்கம். அதே பெடலின் மேல் விளிம்பைக் கால்விரலால் அமுக்கினால் அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக். ஒரு பெடல் முன்னே போனால் மற்றது பின்னே வரும். இரண்டு கால்களும் தனித்தனிக் குடித்தனமாக நடக்க வேண்டும்.

நானோ புது லோஞ்சி கட்டிக்கொண்டு போயிருந்தேன்.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். லோஞ்சி என்பது எங்கள் ரங்கூனில் ஆபீசுக்கும் கல்யாணத்துக்கும் கட்டும் மரியாதையான கைலி. வயிற்றுக்கு முன்னால் ஒரு முடிச்சு, அவ்வளவுதான்; பெல்ட்டும் கிடையாது பொத்தானும் கிடையாது. பந்து விளையாடுகிறவர்கள் அதைத் தொடைக்கு மேல் சுருட்டி, பின்பக்கம் செருகிக்கொள்வார்கள். பெண் கேட்டு நிற்கிறவன், பெண்ணின் அம்மா குடையோடு எதிரே நிற்கும்போது, அப்படிச் செய்ய முடியுமா? ரோஸி ஆண்ட்டி சர்ச்சுக்குப் போகும் சேலையில் வந்திருந்தார். நான் செருப்பைக் கழற்றிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு, கணுக்கால் தெரியாதபடி ஏறி உட்கார்ந்தேன்.

மைதானக் காவலர் ஊ திங் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். ஒன்பது மணிக்கு ஆட்டம். கோல்போஸ்ட் புதிது. "கம்பத்துக்கு ஏதாச்சும் ஆச்சு, கொட்டகையையும் சேத்துப் பிரிச்சுருவாங்க. கொட்டகை நிக்கிற நெலமும் மைதானக் கமிட்டிது, தெரியுமில்லே?" என்று பர்மியத்தில் சொன்னார்.

அங்கிள் என் காதருகே குனிந்தார். "முருகேசு, ரெண்டு பிரேக்கையும் ஒரேடியா அமுக்கிராதே. மூக்கு குத்திரும், காத்தாடி தூள்தூளாப் போயிரும். மொதல்லே இந்தக் குமிழை வெளியே இழு, பெட்ரோல் கொறையும். அப்புறம் மெதுவா இந்தக் கால், அந்தக் கால். சரியா?"

"தெரியும் அங்கிள், படிச்சிருக்கேன்."

அவர் காற்றாடியைச் சுழற்றிவிட்டார். என் செருப்பு இரண்டும் பறந்தன. விமானம் நகர்ந்தது.

முதல் முப்பது அடி நான் மன்னன். பிறகு வலப்பக்கம் திரும்ப வலது காலை நீட்டினேன். லோஞ்சி இடது காலையும் கூடவே இழுத்துக்கொண்டு போனது. விமானம் குழம்பித் தலையாட்டியது. முழங்கால்களை விரித்தேன், முடிச்சு தளர்ந்தது. இடது கை தானாகப் பாய்ந்து முடிச்சைப் பிடித்தது. அதே நேரம் லோஞ்சியின் கீழ் விளிம்பு இடது பெடலின் கேபிள் கொக்கியில் மாட்டி, இடது பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டது.

இனி நடந்ததைக் கணக்காகச் சொல்கிறேன். வலது கையில் கட்டுப்பாட்டுக் கம்பு. இடது கையில் முடிச்சு. பெட்ரோல் குமிழை இழுக்க மூன்றாவது கை இல்லை. விமானம் இடப்பக்கமாக வட்டம் போட ஆரம்பித்தது.

அங்கிள் வட்டத்துக்குள்ளேயே ஓடிவந்து, காற்றில் எதையோ இழுத்து இழுத்துக் காட்டினார். நான் மரியாதைக்குத் தலையசைத்தேன்.

ஸ்டெல்லா சர்ச் பாடகர் குழுவில் இருப்பவள். இன்ஜினுக்கு மேலே கேட்கும் குரல். முதல் சுற்றில் அவளைக் கடக்கும்போது கத்தினாள்.

"கையை விடுங்க!"

பதில் சொல்வதற்குள் கடந்துபோய்விட்டேன். மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கேட்டேன்.

"எதை?"

"லோஞ்சியை!"

மறுபடி ஒரு சுற்று. இப்போது வட்டம் அகன்றிருந்தது. கொக்கியில் துணி கொஞ்சம் கொஞ்சமாக நழுவ நழுவ, ஒவ்வொரு சுற்றும் கோல்போஸ்ட் பக்கமாக நகர்ந்தது.

"ஆண்ட்டி நிக்கிறாங்க!" என்று அலறினேன்.

ரோஸி ஆண்ட்டி குடையை முகத்துக்கு நேரே இறக்கிக்கொண்டார். "நான் கண்ணை மூடிக்கிறேன்ப்பா! நீ விடு!"

"அமலே!" என்று பர்மியத்தில் அம்மாவைக் கூப்பிட்டு ஊ திங் தலையில் கைவைத்துக்கொண்டார்.

வெள்ளைக் கம்பம் நேராக வந்தது. அதற்கு முன்னால் காற்றாடி சுழன்றது. அங்கிள் அதைச் செதுக்கி முடிக்க இரண்டு மழைக்காலம் ஆனது. ஒவ்வொரு முறை நான் போகும்போதும் அதை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருப்பார். பதினோரு வருஷம், கொட்டகை, பதினைந்தாவது 'பாப்பம்' எல்லாமே அந்தக் கம்பத்துக்கு முன்னால் வரிசையாக நின்றன.

கையை விட்டேன்.

குமிழை இழுத்தேன். உரித்த வாழைப்பழம் மாதிரி லோஞ்சியிலிருந்து இரண்டு கால்களையும் உருவி எடுத்தேன். வெறுங்கால்கள் முதல்முறையாகத் தனித்தனியே பெடலைத் தொட்டன. இடது, வலது, இடது, வலது. இன்ஜின் முனகி அடங்கியது. கம்பத்துக்கும் காற்றாடிக்கும் இடையே ஒரு சாண் இருந்தது. ஏழு ஐம்பத்தைந்து.

காற்றாடி நின்றது. பிறகு கைதட்டல் கேட்டது. ஆட்டத்துக்குச் சீக்கிரமே வந்துவிட்ட இரண்டு அணிகளும் வேலியோரமாக உட்கார்ந்திருந்தன. மொத்தம் இருபத்துமூன்று பேர், நடுவரையும் சேர்த்து. நான் மஞ்சள் பூப்போட்ட அரை டிரவுசரில் உட்கார்ந்திருந்தேன். (அது அக்கா தைத்துக் கொடுத்தது. மீந்துபோன திரைச்சீலைத் துணி.)

அங்கிள் மூச்சிரைக்க வந்தார். முதலில் காற்றாடியைத் தடவினார். பிறகு சக்கரம், பிறகு கேபிள். கடைசியாகக் கொக்கியில் தொங்கிய என் லோஞ்சியைப் பார்த்தார். கடைசியிலும் கடைசியாக என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரோஸி," என்றார், "இங்கே வா."

"கண்ணைத் தெறக்கலாமா?"

"தெறக்காதே. சும்மா கேளு. நம்ம மெஷினுக்காக இத்தனை பேரு முன்னாலே இவன் மானத்தை விட்டுட்டான். நானா இருந்தா முடிச்சைத்தான் புடிச்சிருப்பேன்." கொக்கியிலிருந்து லோஞ்சியை விடுவித்து, உதறி, என் மடியில் போட்டார். "கிழிஞ்சிருச்சு. வேற ஒண்ணு கட்டிட்டு வெள்ளிக்கிழமை உங்க அம்மாவைக் கூட்டியா. தேதி குறிக்கலாம்."

ஸ்டெல்லா சிரித்துச் சிரித்துப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

கல்யாணமாகி இப்போது ஆறு வருஷம். அன்று போட்டது மூன்று சுற்று என்று என் டைரி சொல்கிறது; நான்கு என்று ஸ்டெல்லா சாதிக்கிறாள். அங்கிளின் விமானத்தில் பெடலுக்கு மேலே ஒரு தகட்டில், பர்மியத்திலும் தமிழிலும், 'லோஞ்சியோடு ஏறக் கூடாது' என்று பொறித்திருக்கிறது. அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாதது வேறு. சட்டை எடுக்கும் கடையிலோ, வாடகை வீடு பார்க்கும் இடத்திலோ, மீன்குழம்பு ஊற்றிய நூடுல்ஸான மொஹிங்கா தட்டுக்கு முன்னால் இன்னொரு கரண்டி போடலாமா என்றோ, நான் எதற்கு யோசித்து நின்றாலும், என் மனைவி பாடகர் குழுக் குரலில் கத்துவாள்:

"கையை விடுங்க!"

எங்கள் நாலு வயது மகள் சோபாவைச் சுற்றி ஒரு வட்டம் ஓடி வந்து "எதை?" என்று கேட்பாள்.

ரோஸி ஆண்ட்டி அடுப்படியிலிருந்து, கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல், "நான் கண்ணை மூடிக்கிறேன்ப்பா!" என்பார்.