விண்கல் இன்னும் வந்து சேராத காரணம்

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தி அம்மாவும் மாப்பிள்ளையும் எங்கள் மகள் பாப்பாவும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதம் போகிற போக்கில் பின்னால் அதற்கு இடம் கிடைக்குமா என்று தெரியவில்லை. இங்கே நாங்கள் இருவரும் நலம். நலம் என்றால், என் மனைவி நலம். நான் ஐந்து வாரமாக ஓரிடத்தில் உட்காரவில்லை. இதையே மூன்று நாற்காலிகளில் மாறி மாறி உட்கார்ந்துதான் எழுதுகிறேன், கையெழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளவும்.

விஷயம் தாங்கள் அறிந்ததுதான். இந்த ஊர்ச் சேகரிப்பாளர் ஒருவரிடம் தாங்கள் வாங்கிய விண்கல்லை நான் போய்ப் பெற்றுக்கொண்டு, முறைப்படி பார்சல் கட்டி, கடல் கடந்து தங்களுக்கு அனுப்ப வேண்டும். "சுங்கத்துல முப்பத்தோரு வருஷம் மதிப்பீட்டாளரா இருந்த சம்பந்தி இருக்கும்போது நான் ஏன் வேற ஆளத் தேடணும்?" என்று தாங்கள் போனில் சொன்னபோது எனக்கு உச்சி குளிர்ந்துபோனது உண்மை. ஓய்வு பெற்ற பிறகு என்னை யாரும் ஒரு காரியத்துக்குத் தேடியதில்லை. அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை தங்கள் ஊர்க் கண்காட்சியில் அந்தக் கல் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாக வேண்டும், அழைப்பிதழ்கூட அச்சாகிவிட்டது, அதில் கல்லின் படமும் தங்கள் பெயரும் இருக்கின்றன, கல் மட்டும் இன்னும் எங்கள் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. அது போய்ச் சேராவிட்டால் நாலு பேர் முன்னால் தங்களுக்குத் தலைகுனிவு, தங்கள் வீட்டில் எங்கள் பாப்பாவுக்குத் தலைகுனிவு. இது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரியவில்லை என்றால் ஞாபகப்படுத்த என் மனைவி இருக்கிறாள்.

தாமதத்துக்குக் காரணம் சுங்கக் குறியீடு. நாடு விட்டு நாடு போகிற எந்தப் பொருளுக்கும் ஓர் எண் உண்டு. சட்டைப் பொத்தானுக்கு ஓர் எண், பொய்ப்பல்லுக்கு ஓர் எண், குதிரை வாலின் முடிக்கு ஓர் எண். அந்த எண்ணைப் படிவத்தில் போடாமல் ஒரு குண்டூசிகூட எல்லை தாண்ட முடியாது, தப்பான எண்ணைப் போட்டால் அது பொய் வாக்குமூலம். வேலையில் இருந்தபோது தப்பான எண்ணோடு வந்த பார்சல்களை நான் திருப்பி அனுப்பிய வேகத்தைப் பார்த்து ஏற்றுமதிக்காரர்கள் என் மேசைக்குப் பக்கத்து வரிசையில் போய் நின்றுகொள்வார்கள். அப்படிப்பட்டவன் சொந்தப் பார்சலில் ஒரு தப்பான எண்ணைப் போடலாமா, தாங்களே சொல்லுங்கள்.

முதல் வாரம், சுங்க எண் புத்தகத்தின் இருபத்தைந்தாம் அத்தியாயத்தில் போட்டேன். உப்பு, மண், கல் எல்லாம் அதில்தான். விண்கல்லும் கல்தானே என்று கூரியர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். கவுண்டரில் இருக்கும் பெண் கெட்டிக்காரி, நான் சொல்லச் சொல்லத் தட்டினாள், பெட்டியை நாடா போட்டு ஒட்டியும்விட்டாள். நான் வாசல் வரை வந்துவிட்டேன். வாசல்படியில் கால் வைத்தபோதுதான் ஒரு சந்தேகம், இந்தக் கல்லில் காந்தம் ஒட்டுமே, இரும்பு இருக்கிற ஒன்றை வெறும் கல் என்று எப்படிச் சொல்வது? திரும்பிப் போய்ப் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் ஒரு பக்கம் இழுக்க நான் ஒரு பக்கம் இழுக்க, வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். "சார், பக்கத்துக் கடைக்காரர் போன மாசம் ரெண்டு கல்லு அனுப்பினாரு. கல்லுன்னு போட்டோம். போய்ச் சேந்துடுச்சு சார்" என்றாள். அவர் மனசாட்சி அவருக்கு, என் மனசாட்சி எனக்கு என்று சொல்லிப் பெட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.

இரண்டாம் வாரம் இருபத்தாறு, அதாவது தாதுக்கள். எண்ணைத் தட்டியதும் கணினி "எந்தச் சுரங்கம்?" என்று கேட்டது. சுரங்கத்தின் பெயர் இல்லாமல் அடுத்த பக்கம் திறக்காது. இது தோண்டி எடுத்ததில்லை, மேலேயிருந்து விழுந்தது என்று அந்தப் பெண்ணிடம் விளக்கினேன். அவள் ரொம்பப் பொறுமையாக, "அப்ப இது எந்த நாட்டுல தயாரானதுன்னு போடட்டும் சார்? பட்டியல்ல ஆகாயம் இல்ல, நான் தேடிப் பாத்துட்டேன்" என்றாள். எங்கே விழுந்ததோ அந்த நாடுதான் கணக்கு என்று எனக்குத் தெரியும். உடனே சேகரிப்பாளருக்குப் போன் போட்டுக் கேட்டேன். பாலைவனத்தில் கிடைத்தது என்றார். எந்த நாட்டுப் பாலைவனம் என்றேன். மூன்று நாடு சேருகிற இடம், எல்லைக்கோட்டை மணல் மூடியிருந்தது என்றார். அன்று மத்தியானம் முழுக்க நான் தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். "தரை தேஞ்சு போகுது, கொஞ்சம் உக்காருங்க" என்றாள் என் மனைவி. எப்படி உட்காருவது?

இந்த இடத்தில் பாப்பாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தாங்கள் பெருந்தன்மையோடு இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அது தங்கள் குணம். ஆனால் தாங்கள் கேட்காததே அவளுக்குப் பயமாகிவிட்டது. "மாமா ஒண்ணுமே கேக்க மாட்டேங்குறாருப்பா, ஹாலுக்கு வந்து அந்தக் காலி கண்ணாடிப் பெட்டியத் தொடச்சு வெச்சுட்டுப் போயிடுறாரு" என்கிறாள். கல்யாணமாகிப் போன நாலு வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கூப்பிடுவாள், அதுவும் அவள் அம்மாவின் போனில். நான் பக்கத்து அறையில் இருப்பேன். "அப்பா எப்படி இருக்காரு?" "இருக்காரு." அவ்வளவுதான் என் பங்கு. இப்போது தினமும் இங்கத்திய நேரம் காலை எட்டு மணிக்கு நேராக என் போனுக்கே வருகிறாள். எட்டு மணி என்றால் எட்டு. ஏழரைக்கே நான் குளித்துச் சட்டை போட்டுத் தயாராக இருக்க வேண்டியிருக்கிறது. பெரிய தொந்தரவு.

மூன்றாம் வாரம் எழுபத்திரண்டு, இரும்பு. காந்தம் ஒட்டுகிறதே, அதனால் இரும்பிலேயே போட்டுவிடலாம் என்று யோசனை சொன்னதே பாப்பாதான். இரும்பா கல்லா என்று அன்றைக்கு நாற்பது நிமிடம் வாதாடினோம். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதுகூட என்னோடு அப்படி வாதாடியதில்லை, அப்போது எனக்கு நேரமும் இருந்ததில்லை. கடைசியில் அவள் ஜெயித்தாள். கூரியர் அலுவலகத்தில் எண்ணைப் போட்டு, பெட்டிமேல் ஒட்டுகிற தாளை அச்சடித்து வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து சரிபார்த்தால், பொருளின் விவரம் என்ற இடத்தில் "இரும்புக் கழிவு, உடைசல்" என்று விழுந்திருக்கிறது. என் மனைவி அதைப் படித்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "ஏங்க, பொண்ணக் குடுத்த எடத்துக்குப் பழைய இரும்புன்னு எழுதி ஒட்டி அனுப்புவீங்களா? அவ அந்த வீட்டுல நிம்மதியா இருக்கறது உங்களுக்குப் பிடிக்கலையா?" என்று கேட்டாள். தாளைக் கிழித்துப் போட்டேன். மறுநாள் இதைப் பாப்பாவிடம் சொன்னால் அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள், சிரித்துக்கொண்டே அலுவலகத்தில் தன்னை ஜன்னல் ஓரத்திலிருந்து நடு வரிசைக்கு மாற்றிவிட்டதையும், மாப்பிள்ளை சமைக்கிறேன் என்று அடுப்பில் வைத்த பாத்திரம் கருகியதையும் சொல்கிறாள். பாத்திர விஷயம் தங்களுக்குத் தெரியாது என்றால் நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

நாலாம் வாரம் தொண்ணூற்றேழு. சேகரிப்புப் பொருட்கள், அரும்பொருட்கள். இதுவே சரியான அத்தியாயம் என்று மனது நிம்மதியானது. பார்சல் கூரியர் அலுவலகத்தைத் தாண்டிச் சுங்கத்தின் பார்சல் கூடம் வரை போயும் சேர்ந்தது. இரண்டே நாளில் பெட்டி வீட்டு வாசலில் நிற்கிறது, மேலே ஒரு குறிப்பு: "சுற்றறிக்கையின்படி சான்றிதழ் இணைக்கப்படவில்லை. திருப்பி அனுப்பப்படுகிறது." எனக்கு வந்த கோபத்தில் செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். கூடத்தில் இப்போது பெரிய அதிகாரி யார் என்றால், என்னிடம் வேலை பழகியவன்தான். எதைக் கண்டாலும் முத்திரை குத்துவான் என்பதால் அவனை ஸ்டாம்ப் என்று கூப்பிடுவோம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான், நாற்காலி போட்டான், டீ வரவழைத்தான். என் பழைய மேசைமேல் ஒரு பிரிண்டரை வைத்திருக்கிறார்கள், அதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. "எந்த மடையன்டா இந்தச் சுற்றறிக்கைய எழுதினது?" என்று கேட்டேன். அவன் சுற்றறிக்கை ஃபைலை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தான். "சேகரிப்புப் பொருள் என்று சொல்லிக்கொண்டு வரும் எந்தக் கல்லையும், தகுதியுள்ள அமைப்பின் சான்றிதழ் இல்லாமல், எக்காரணம் கொண்டும், எவர் சொன்னாலும் ஏற்கக் கூடாது." கீழே கையெழுத்து என்னுடையது.

"நீங்க எழுதினதுதான் சார். இன்னிக்கு வரைக்கும் ஒரு எழுத்து மாத்தல" என்றான் ஸ்டாம்ப். நான் இரண்டு தடவை படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன், ஒரு சந்து பொந்து இல்லை. "டேய், நான் சொல்றேன், இது நிஜமான விண்கல்" என்றேன். "எவர் சொன்னாலும்னு இருக்கு சார். அதுல நீங்களும் வர்றீங்க" என்றான். அவன் நன்றாகத்தான் வேலை கற்றுக்கொண்டிருக்கிறான். வாழ்த்திவிட்டு வந்தேன்.

ஆக இப்போது சான்றிதழுக்காகக் காத்திருக்கிறேன். அதைத் தர வேண்டிய சேகரிப்பாளர் வெளியூர் போயிருக்கிறார், எப்போது திரும்புவார் என்று தெரியவில்லை. இதோ போன், இருங்கள்.

வந்துவிட்டேன். பாப்பாதான். கல் கண்காட்சிக்கு முன்னால் வந்து சேராது போலிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். "நாளைக்குக் கூப்பிடறேம்ப்பா" என்று வைத்துவிட்டாள். ஆகவே சம்பந்தி அவர்களே, தாங்கள் பெரிய மனது பண்ணிக் கண்காட்சிப் பெட்டியில் கல்லின் படத்தையாவது வைத்துச் சமாளிக்க வேண்டும். குற்றம் முழுக்கச் சுங்க விதிகளுடையதும் என்னுடையதுமே தவிர, எங்கள் பாப்பாவுடையது அல்ல. தங்களுக்கும் சம்பந்தி அம்மாவுக்கும் எங்கள் இருவரின் வணக்கங்கள். பிள்ளைகள் இருவருக்கும் எங்கள் ஆசிகள், நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழட்டும். என் மனைவி தனியாக மன்னிப்புக் கேட்கச் சொன்னாள், கேட்டுக்கொண்டேன்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி
(சுங்க மதிப்பீட்டாளர், ஓய்வு)

பின்குறிப்பு: மேலே உள்ளதைத் திங்கட்கிழமை எழுதினேன், இன்று சனிக்கிழமை. என் மனைவி மேல் தாள்களைப் படித்துத் தலையாட்டிவிட்டாள். இந்தத் தாள் அவளுக்குத் தெரியாது, தாங்களும் தெரிவிக்க வேண்டாம்.

கல் கிளம்பிவிட்டது. வியாழக்கிழமை அனுப்பினேன். தொண்ணூற்றேழாம் அத்தியாயம், கூடவே சான்றிதழ், கிடைத்த நாட்டின் பெயர் உட்பட எல்லாம் அதிலேயே இருக்கிறது. கவுண்டர் பெண் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு, "இதுக்கா சார் அஞ்சு வாரம்?" என்றாள். சேகரிப்பாளர் எந்த வெளியூருக்கும் போகவில்லை, மணல் மூடிய எல்லைக்கோடும் நான் கட்டிய கதைதான். சான்றிதழ் பெட்டியில் பஞ்சுக்கு அடியில் முதல் நாளிலிருந்தே இருந்தது, முதல் நாளே எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பஞ்சுக்கு அடியில் வைத்தேன். எண்ணும் முதல் வாரம் முடிவதற்குள் தெரிந்துவிட்டது. முப்பத்தோரு வருஷம் அந்த வேலை பார்த்தவனுக்குத் தெரியாமலிருக்குமா? முதல் வாரம் மட்டும் நிஜமாகவே ஒரு சின்னக் குழப்பம் வந்தது. அதற்காக அவள் என்னைக் கூப்பிட்டாள். மறுநாளும் கூப்பிட்டாள். அதன் பிறகு எனக்கு அதை அனுப்ப மனம் வரவில்லை.

புதன்கிழமை காலை அழுதாள். "முடியலன்னா விட்டுடுங்கப்பா, உடம்பக் கெடுத்துக்காதீங்க. நாந்தான் உங்ககிட்ட விவரம் தப்பாச் சொல்லிட்டேன்னு மாமாகிட்ட சொல்லிக்கிறேன்" என்றாள். எனக்காகப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளப் பார்த்தாள். நான் செய்த காரியத்தை நினைத்து எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. கல் கிளம்பியதும் சொன்னேன். "அப்பாடா!" என்றாள். நேற்று எட்டு மணிக்குப் போன் வரவில்லை. இன்றும் வரவில்லை.

பார்சல் வருகிற புதன்கிழமை தங்கள் கைக்கு வரும், விரைவுத் தபாலில் வருகிற இந்தக் கடிதம் அதற்கு முதல் நாளே வந்துவிடும். கண்காட்சிக்கு அதற்குப் பிறகும் நாலு நாள் இருக்கிறது. டிராக்கிங் எண்ணை நான் அவளுக்குத் தரவில்லை. கல் வந்துவிட்டதை அவளிடம் சொல்லாமல் தாங்கள் இரண்டு நாள் இருக்க முடியுமா? இரண்டு நாள் அதிகம் என்றால் ஒரு நாள். வியாழக்கிழமை காலை மட்டும். ஏழரைக்கே குளித்துவிட்டுப் போன் பக்கத்தில் இருப்பேன்.