சகலையின் லேப்டாப்பும் நான் வைத்த ஐஸும்

வயிற்றெரிச்சலுக்கு நான் ஆள் தேடி வெளியே போக வேண்டியதில்லை. மூலக்குளத்தில் என் மனைவியின் தங்கை வீட்டுக்காரர், அதாவது என் சகலை, இருக்கிறார். அவர் எதை வாங்கினாலும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

இரண்டு வருடம் முன்பு தன் பையனுக்கு லேப்டாப் வாங்கினார். பொத்தான்களுக்கு அடியில் கலர் கலராக விளக்கு எரியும். உள்ளே இருக்கும் ஃபேன் லாரி போல உறுமும். என் மகள் சுகந்தியின் லேப்டாப் சாதாரணமானது. ஓடுகிறதா என்று காதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். நான் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் மெஷினில் வேலை செய்கிறவன். சத்தம் போடுவதுதான் பலமான மெஷின் என்பது நான் கற்ற பாடம். (பள்ளிக்கூடத்துப் பாடம் அஞ்சாவதோடு சரி.)

சுகந்திக்கு ஒரு கம்பெனியில் கணக்கு வேலைக்கு வீடியோவில் இன்டர்வியூ வந்தது.

"இந்தச் சின்னது தாங்குமா?" என்றேன்.

"மெயில் பாக்க, கணக்குப் போட, வீடியோவுல பேச இது போதும்ப்பா. அவங்களுது கேம் ஆடறதுக்கு."

நான் கேட்பேனா? சகலை வீட்டுக்குப் போய், வாய் திறக்கக் கூச்சப்பட்டு, இரண்டு டம்ளர் காபி குடித்து, கிளம்பும்போது செருப்பைப் பார்த்தபடி கேட்டேன்.

"எடுத்துக்கினு போங்க சகலை. பத்திரம், பையன் உயிர விட்டுடுவான்" என்றார்.

இன்டர்வியூ ஆரம்பித்ததும் ஃபேன் உறுமத் தொடங்கியது. திரையில் இருந்த கம்பெனி அம்மா, "ஏம்மா, மாவு மில்லுல இருந்தா பேசற?" என்று கேட்டார். சுகந்தியின் முகத்தில் பச்சையும் சிவப்பும் மாறி மாறி அடித்தது. கதவோரம் நின்ற நான், மெஷின் சூடாகிவிட்டது என்று முடிவு கட்டினேன். சூடானால் என்ன செய்வோம்? ஐஸ் போடுவோம். மீனுக்குக் கொண்டுவந்திருந்த ஐஸை ஒரு கவரில் அள்ளி இறுக்கிக் கட்டினேன். காமிராவில் படாமல் தவழ்ந்து போய் லேப்டாப்புக்கு அடியில் தள்ளினேன். காலையில் அதே கவரில் நண்டு வந்ததும், நண்டின் கொடுக்கு கவரைச் சும்மா விடாது என்பதும் பிறகுதான் உறைத்தது. தண்ணீர் மேஜையில் ஓடியது. உறுமல் நின்றது. விளக்கும் அணைந்தது.

சுகந்தி தன் சின்ன லேப்டாப்பைத் திறந்து மறுபடி இன்டர்வியூவுக்குள் போனாள். நடந்ததைச் சொன்னாள். அந்த அம்மா சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது. வேலை கிடைத்துவிட்டது.

சகலையின் லேப்டாப் பிழைக்கவில்லை. நான் பொறாமையில்தான் செய்தேன் என்று அவர் இன்றும் சத்தியம் செய்கிறார். இல்லை என்று சொல்லத்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த விளக்குகள் அணைந்தபோது மனசின் ஒரு மூலையில் குளுகுளுவென்று இருந்ததே, அதை என்ன செய்ய?

இப்போது சொந்தத்தில் யார் புதுசாக எது வாங்கினாலும், நான் வாசலில் தலைகாட்டினால், "ஐஸ்காரர் வராரு, எடுத்து உள்ள வைங்க" என்கிறார்கள். போன மாதம் சகலை வீட்டில் ஏசி மாட்டினார்கள். "இத உள்ள தூக்கி வைக்க முடியலியே சகலை" என்று சிரித்து, என்னை அதன் எதிரிலேயே உட்கார வைத்தார். நல்ல குளிர். எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.