பழைய ஆயிலும் என் ராஜினாமாவும்

இயேசு மரி சூசை துணை

திருவொற்றியூர்,
புதன்கிழமை காலை

நாகர்கோவிலில் முதுகு வைத்தியத்தில் இருக்கும் அன்பு மச்சான் பிராங்கிளினுக்கு, உன் அக்காள் புருஷன் ஸ்டானிஸ்லாஸ் எழுதிக்கொள்வது. உன் முதுகு சீக்கிரம் நிமிர மாதாவை வேண்டுகிறோம். நானும் உன் அக்கா ரேச்சலும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். என் வேட்டிகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், காகிதத்தில் பேச முடியாது. குப்புறப் படுக்க வைத்திருப்பதாகக் கேள்வி, ஆகையால் உன் மனைவி ஜூடி இதை வாசித்துக் காட்டட்டும்.

பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம், யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று மட்டும் எழுதியவனிடம் ஒரு பைக் மெக்கானிக் கடையை நாற்பது நாளைக்கு ஒப்படைத்தது உன் தவறா, தலையாட்டியது என் தவறா என்பதைப் பிறகு பேசுவோம். வண்டிகளை உன் ஆட்கள் பார்த்துக்கொள்கிறார்கள், அதில் குறையில்லை. குறையெல்லாம் பின்பக்கம் நிற்கிற இரண்டு பழைய ஆயில் டிரம்மில்தான். ஒரு ஆள் வருவான், எடுத்துப் போவான், எதையும் கேட்காதே என்று சொல்லிவிட்டுப் போனாய். நான் கேட்டுவிட்டேன். அந்த ஆள், மண்ணாங்கட்டி என்று பேர், மூன்று சக்கர வண்டியோடு வந்தான். இதெல்லாம் எங்கேப்பா போகிறது என்று சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன். மனுஷன் ஒளிக்காமல் சொன்னான். கொஞ்சம் கட்டட வேலையில் கான்கிரீட் ஒட்டாமலிருக்கச் சென்ட்ரிங் பலகைக்குத் தடவ, கொஞ்சம் செங்கல் சூளையில் எரிக்க, மிச்சத்தை யாரோ துணியில் வடிகட்டிப் புது டப்பாவில் ஊற்றி விற்கிறார்களாம். அதாவது நாம் வெளியே அனுப்பிய கறுப்பு எண்ணெய் முகம் கழுவிக்கொண்டு, புது மாப்பிள்ளை மாதிரி நம் கடைக்கே திரும்பி வருகிறது. எனக்குக் கோபம் வந்து, இனி இந்தப் பக்கம் வராதே என்று அனுப்பிவிட்டேன். கொள்கை ரொம்ப நன்றாக இருந்தது. டிரம்தான் நிறைந்துகொண்டே வந்தது.

போன வாரம் மத்தியானம் மழை பிடித்தது. இரண்டில் ஒரு டிரம் தகரக் கூரையில் தண்ணீர் கொட்டுகிற இடத்துக்கு நேர் கீழே, மூடியில்லாமல் நின்றது. மழைத் தண்ணீர் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு எண்ணெயை மேலே தள்ளி வெளியேற்றும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அரை மணியில் சந்து முழுக்கக் கறுப்பு. உன் முதுகைப் பற்றி விசாரிக்க வந்த பங்குச் சாமியார் வெள்ளை அங்கியோடு நம் வாசலில் உட்கார்ந்தார், அவராக உட்காரவில்லை. தூக்கப் போன நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரேச்சல் ஒரு பாக்கெட் சோப்புத் தூளை முழுசாகக் கொட்டிக் குழாயைத் திறந்துவிட, முழங்கால் உயரத்துக்கு நுரை கிளம்பி, எண்ணெயையும் கூட்டிக்கொண்டு எதிரே ஷரீஃபுன்னிசாவின் இட்லிக் கடைக்குள் போய்விட்டது. அவர் கடையின் தரைக்கு அடியிலிருக்கும் தண்ணீர்த் தொட்டியிலும் இறங்கிவிட்டது. மூன்று நாள் கடை திறக்கவில்லை, மச்சான்.

சண்டைக்கு வருவார் என்று உள்ளே போய் நின்றுகொண்டேன். அவரோ மரத்தூள் மூட்டையோடு வந்தார். தூளைத் தூவி எண்ணெயை ஊறவைத்துக்கொண்டே, என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: "அண்ணே, அந்தப் புயல் வெள்ளத்துல எவனோ வுட்ட எண்ணெய் எண்ணூர்ல எங்க அக்கா வூட்டு செவுரு பூரா ஏறிச்சு. எவன் வுட்டான்னு ஊரே கேட்டுச்சு. இப்ப இது கால்வாயில போயி எவ வூட்ல ஏறுமோ. அவ யார போயி கேப்பா?"

ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் ஏசவில்லையே. நம் ஆட்களோடு சேர்ந்து அவர் தொட்டியை இரண்டு தடவை கழுவிக் கொடுத்தேன்.

மறுநாள், பழைய எண்ணெயைச் சுத்திகரிக்க அரசு அனுமதி வாங்கிய ஓர் ஆலையைக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தேடிப் பிடித்துப் போன் செய்தேன். அங்கே இருந்த பெண் பொறுமையாகப் பேசினாள். பத்து டிரம்மாவது சேர்ந்தால்தான் டாங்கர் வருமாம், தண்ணீரோ பெட்ரோலோ கலந்திருந்தால் எடுக்க மாட்டார்களாம். பத்துக்கு நான் எங்கே போவேன்? வெயிலில் ஒவ்வொரு மெக்கானிக் கடையாக ஏறினேன். எல்லோரும் உட்கார ஸ்டூல் கொடுத்தார்கள், ஆயில் கொடுக்கவில்லை. லாரி ஷெட் வைத்திருக்கும் பீம்ராவ் மட்டும் மனம்விட்டுப் பேசினார். "பெருசு, நீ சொல்றது கரீட்டு. ஆனா அத்த தூக்கினு உன் கடை வரிக்கும் யாரு வர்றது?"

அதற்கு ஊரில் ஒரே ஆள்தான். வெட்கத்தை விட்டு மண்ணாங்கட்டியைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். "இன்னா சார், வராதன்னு சொன்னதே நீதான" என்று கேட்டானே தவிர வன்மம் வைக்கவில்லை. எந்தச் சந்தில் எந்தக் கடையில் எத்தனை கேன் என்பது அவனுக்கு மனப்பாடம். சுமைக் கூலி தர ஆலைக்காரர்களும் ஒப்புக்கொண்டார்கள். நாலே நாளில் நம் வாசலில் பதினொரு டிரம் சேர்ந்துவிட்டது.

நேற்று டாங்கர் வந்தது. தெருவே கூடி நின்று பார்த்தது. ஒவ்வொன்றாகச் சோதித்து, ஒரே ஒரு டிரம்மில் மட்டும் தண்ணீர் என்று ஒதுக்கினார்கள். அது நம்முடையது. மற்ற பத்தையும் குழாய் உறிஞ்சி முடித்தபோது பீம்ராவ் கைதட்டினார், அப்புறம் சந்து முழுக்கத் தட்டியது. ஷரீஃபுன்னிசா தன் கடையில் எல்லோருக்கும் டீ போட்டார். என் டம்ளரில் மட்டும் சர்க்கரை கூடுதல்.

ஆனாலும் போதும், மச்சான். எனக்கு அறுபத்தெட்டு வயது. இதையே என் ராஜினாமாவாக எடுத்துக்கொள். அடுத்த வார வெள்ளிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் போட்டு, முதுகு எந்தக் கோணத்தில் இருந்தாலும் அப்படியே வந்து உன் கடையை வாங்கிக்கொள். ஜூடிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும், ரேச்சலின் முத்தங்களும். ஆண்டவர் உங்கள் எல்லோரையும் வழுக்காத தரையில் நடத்துவாராக.

உன் அன்பு அத்தான்,
ஸ்டானிஸ்லாஸ்

பி.கு.: தபால் பெட்டிக்குக் கிளம்பும்போது பீம்ராவும் நாலு கடைக்காரர்களும் வந்தார்கள். மாதம் இரண்டு செவ்வாய் டாங்கர் நம் வாசலுக்கே வருமாம். பொறுப்பாளர் என்று என் பெயரைப் போர்டில் எழுதியே கொண்டுவந்துவிட்டார்கள், எழுத்துப் பிழையோடு. ராஜினாமா என்கிற இடத்தை ஜூடி வாசித்திருந்தால் நீ கேட்காததாக வைத்துக்கொள். டிக்கெட் போட்டிருந்தால் ரத்து செய். வைத்தியரை அவசரப்படுத்தாதே, இன்னும் நாற்பது நாள் இருக்கச் சொன்னால் மறுத்துப் பேசாதே. முதுகு முக்கியம், மச்சான்.