கும்பிடுற பொம்மைக்கு வந்த அவசரம்

போன வெள்ளிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. சித்தப்பாவோட பழைய சாஃப்ட்வேரை என் லேப்டாப்புல ஓட வைக்கணும். அவ்வளவுதான்.

சித்தப்பா கச்சிராயபாளையம் பக்கத்துல மைக் செட், சீரியல் லைட் கடை வச்சிருக்கார். திருவிழா வாசல்ல இருபதடி உயரத்துக்குப் பல்பாலேயே ஒரு பொம்மை நின்னு, மெதுவா ரெண்டு கையையும் தூக்கி, தலையைக் குனிஞ்சு கும்பிடுமே, அது அவரோடது. அதை ஆட்டி வைக்கிற சாஃப்ட்வேர், நான் பால்வாடி போன காலத்துது. அதை ஓட்டின கம்ப்யூட்டர் அன்னிக்கு மதியம் புகை விட்டு உயிரை விட்டுடுச்சு.

"நீதான கம்ப்யூட்டரு படிச்சவ? லேப்டாப்ப தூக்கினு வா!"ன்னு போன்.

நான் படிச்சது பி.காம். கம்ப்யூட்டர்ங்கிறது என் பட்டத்துல அடைப்புக்குறிக்குள்ள வரும். இதைச் சித்தப்பாகிட்ட விளக்க எனக்கு வாய் வரலை. தூக்கிட்டுப் போயிட்டேன்.

ஏழு மணிக்கு அம்மன் தேர் வாசலுக்கு வரும். பத்து வருஷமா இந்தத் திருவிழா சித்தப்பாவுக்குத்தான். தர்மகர்த்தா முன்னாடியே சொல்லிட்டார்: "தேரு வரச்சொல்ல பொம்ம ஒழுங்கா கும்புடல, அடுத்த வருசம் சங்கராபுரத்துக்காரன் தான். ஆமா!"

சித்தப்பா பென் டிரைவுல பத்திரமா வச்சிருந்த சாஃப்ட்வேரை லேப்டாப்புல ஏத்தி கிளிக் பண்ணினேன். 'இது உங்கள் கணினிக்குப் பொருந்தாது'ன்னு பட்டுன்னு பதில். பொண்ணு பார்த்துட்டுப் போறவங்க கூட ரெண்டு நாள் கழிச்சுத்தான் சொல்லுவாங்க.

தேடித் தேடி ஒரு வழி கண்டுபிடிச்சேன். ஒரு இடத்துல டிக் போட்டா, புது சிஸ்டம் தன்னைப் பழைய சிஸ்டம்னு நடிச்சுக் காட்டும். போட்டேன். திறந்துடுச்சு!

"வயர சொருவட்டா?"ன்னார் சித்தப்பா.

"சொருவுங்க சித்தப்பா!"

பொம்மை கையைத் தூக்கிச்சு. கூப்பிச்சு. பிரிச்சுச்சு. கூப்பிச்சு, பிரிச்சு, கூப்பிச்சு, பிரிச்சு...

அது கும்பிடு இல்லைங்க. கைதட்டல்! தலை வேற கோழி தானியம் கொத்துற மாதிரி கீழயும் மேலயும் போகுது.

கூழ்ப் பானையோட போன ஒரு அக்கா நின்னு அண்ணாந்து பார்த்தாங்க. "இன்னாமே இது? கொசு அடிச்சிக்கினு கீது?"

விஷயம் இதுதான். பழைய சாஃப்ட்வேர் ஒரு எண்ணிக்கையை எண்ணி முடிச்ச பிறகுதான் அடுத்த பல்பை எரிய விடும். பழைய கம்ப்யூட்டர் மூச்சு வாங்கி வாங்கி எண்ணும். என் லேப்டாப் கண் சிமிட்டுறதுக்குள்ள எண்ணிடுது.

தர்மகர்த்தா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டே வந்தார். "இன்னாயா இது? அம்மனுக்குக் கை தட்டுது? பாட்டுக் கச்சேரியா நடக்குது?"

"புது மாடலுங்க. ஸ்பீடு கொஞ்சம் ஜாஸ்தி. பாப்பா கம்மி பண்ணினு இருக்குது"ன்னு சமாளிச்சார் சித்தப்பா.

எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. நான் கீபோர்டைப் பார்த்தேன். மணி ஆறரை.

அப்பத்தான் அந்த மகா யோசனை வந்துச்சு. லேப்டாப்பையும் மூச்சு வாங்க வச்சா?

காலேஜ் புராஜெக்டைத் திறந்தேன். வைரஸ் ஸ்கேன் போட்டேன். அக்கா கல்யாண ஆல்பத்துல நானூறு போட்டோவையும் ஒண்ணா திறந்தேன். கை வலிக்க ஆரம்பிச்ச மாதிரி, பொம்மை தட்டுற வேகம் லேசா குறைஞ்சுது. இன்னும் கொஞ்சம் பாரம் வேணும். ஒரு சமையல் வீடியோவைத் தட்டினேன்.

பழைய கம்ப்யூட்டர் செத்ததால அம்மன் பாட்டும் என் லேப்டாப்புலேருந்துதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அதை நான் மறந்துட்டேன்.

கோயிலைச் சுத்தி இருந்த எட்டுக் குழாய் ஸ்பீக்கர்லயும், உடுக்கைச் சத்தத்துக்கு நடுவுல ஒரு குரல்: "வஞ்சிர மீனை நல்லா கழுவி எடுத்துக்கோங்க..."

ஊரே காப்பு கட்டி விரதம் இருக்கு!

"அத நிறுத்துடி!"ன்னு சித்தப்பா கத்தினார். நிறுத்தினேன். பொம்மை உடனே படபடன்னு கை தட்டுச்சு, மீன் குழம்பு நின்ன சந்தோஷத்துல.

தேர் தெருமுனை திரும்பிடுச்சு. மேளம் கேட்குது. பதட்டத்துல கைக்குக் கிடைச்ச இன்னொரு வீடியோவைத் தட்டினேன்.

பொம்மை நிதானமாச்சு. ரெண்டு கையும் மெல்ல எழுந்துச்சு, சேர்ந்துச்சு, தலை பணிவா குனிஞ்சுச்சு. பத்து வருஷத்துல அப்படி ஒரு கும்பிடு கும்பிட்டதே இல்லை.

அதே நேரம் ஸ்பீக்கர்ல: "குட் மார்னிங் சார். மை நேம் இஸ் கலையரசி."

இன்டர்வியூக்காக, ரூம் கதவைச் சாத்திக்கிட்டு நானே எடுத்துப் பார்த்த வீடியோ. எங்கம்மாவுக்குக் கூட காட்டினதில்லை.

"மை ஃபாதர் இஸ் ஃபார்மர். மை வீக்னஸ் இஸ்... ஐ ஆம் வெரி ஷை பர்சன் சார்."

சத்தத்தை நிறுத்தப் பாய்ஞ்சேன். சித்தப்பா என் கையைப் பிடிச்சுட்டார். "தொட்ட, அவ்ளோதான்! தேரு வந்துக்கினு இருக்குது!"

"சித்தப்பா, அது நான்!"

"நீயா இரு, யாரா வேணா இரு. தொடாத!"

தேர் வந்து நின்னுச்சு. பொம்மை கும்பிட்டுது. தர்மகர்த்தா கன்னத்துல போட்டுக்கிட்டார். "இதான்யா கும்புடு!"

பக்கத்துல இருந்தவர் காதைத் தீட்டிக்கிட்டு, "யாரோ ஒரு பொண்ணு இங்கிலீசுல பேசிக்கினு கீதே?"ன்னார்.

"அது பாட்டுக்குப் பேசட்டும். அத நிறுத்தப் போயி, பொம்ம மறுபடி கை தட்டிச்சின்னா யாரு பதில் சொல்றது?"ன்னார் தர்மகர்த்தா.

வீடியோ முடிஞ்சதும் மறுபடி முதல்லேருந்து ஓடும். முடிஞ்சா பொம்மை தட்ட ஆரம்பிச்சுடுமேன்னு, வீடியோவைத் தட்டின கையோட அந்த ரிப்பீட்டைப் போட்டதும் நான்தான்.

திருவிழாவுல மீதி இருந்த ரெண்டு நாளும் லேப்டாப்புல யாரும் எதையும் மாத்தக் கூடாதுன்னு கமிட்டி ஒருமனதா முடிவு பண்ணிடுச்சு. அடுத்த வருஷமும் திருவிழா சித்தப்பாவுக்குத்தானாம்.

எனக்குக் கூச்ச சுபாவம்ங்கிறது இப்ப கோமுகி அணை வரைக்கும் எல்லாருக்கும் தெரியும்.