ராஜா வீட்டு விருந்துக்கு ஒரு இங்கிலீஷ் அட்டை

ஒரு காட்டில், மற்ற காடுகளைப் போலவே, ராஜா வெளியூர்க்காரர். ஆப்பிரிக்காவிலிருந்து மாற்றலாகி வந்த சிங்கம். வந்த வாரமே வெள்ளாடுகளைக் குடும்பத்தோடு விருந்துக்கு அழைத்தது. என்னென்ன பரிமாறப்படும் என்று ஓர் அட்டையும் அனுப்பியது. அட்டை முழுக்க அந்த ஊர்ப் பாஷையான சுவாஹிலி.

வெள்ளாட்டுச் சங்கத் தலைவர் மூக்கையாவுக்குத் தலைகால் புரியவில்லை. "இதை இங்கிலீசுல மாத்துனாத்தான் நமக்கு மதிப்பு" என்று ஆலமரத்தில் விளம்பரம் ஒட்டினார்: 'சுவாஹிலி–ஆங்கில மொழிபெயர்ப்பாளர் தேவை. உணவு, பானத் துறையில் அனுபவம் அவசியம்.' சங்கத்தில் ஒருவருக்கும் ஆங்கிலம் தெரியாது என்பது வேறு விஷயம்.

முதலில் சுடலைக்குயில் வந்தது. வருடந்தோறும் ஆப்பிரிக்கா போய்வரும், மழைக்கு முன்னே வந்து கூவும் பறவை. அட்டையைப் படித்ததும் அவசரமாகப் பேசியது.

"தலைவரே, இங்கிலீசு கிடக்கட்டும். நம்ம பாஷையிலயே சொல்லிடறேன். முதல்ல ஆட்டுக்கால் சூப்பு. அப்புறம் ஆட்டுக்கறிச் சோறு. குடிக்கத் தண்ணி. தயவுசெஞ்சு போயிடாதீங்க."

மூக்கையாவின் தாடி துடித்தது. "நாக்குல நரம்பில்லாம பேசாத! ராஜா வீட்டு விருந்தைப் போயி ஆட்டுக்கறி, அது இதுன்னுட்டு. சரி, இந்தத் துறையில உனக்கென்ன அனுபவம்?"

"நான் கம்பளிப்பூச்சிதான் சாப்பிடுவேன், தலைவரே."

"அனுபவம் பத்தாது. கெளம்பு."

அடுத்து நரி வந்தது. அதற்கு சுவாஹிலியில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் புதருக்குள் உட்கார்ந்து குயில் சொன்னதை ஒன்றுவிடாமல் கேட்டிருந்தது. "உணவுத் துறையில, அதுவும் உங்க ஆளுங்களோட, எங்க குடும்பத்துக்குப் பரம்பரை அனுபவம்" என்றது பணிவாக. சங்கம் தலையாட்டியது. வெள்ளாடுகளுக்குத் தலையாட்டச் சொல்லியா தர வேண்டும்!

மாலைக்குள் அட்டை தயார். நரி உரக்கப் படித்தது: "ஸ்பெஷல் மட்டன் சூப். ஃபார்ம் ஃப்ரெஷ் மட்டன் பிரியாணி. மினரல் வாட்டர்."

குளம்பு தட்டி ஆரவாரம் செய்தார்கள்.

"பாத்தியா, எவ்வளவு டீசென்டா இருக்கு!" என்றார் மூக்கையா, மனைவி வேலம்மாளிடம்.

வேலம்மாள் தன் குட்டிகளை ஒருமுறை பார்த்தாள். "அதெல்லாம் சரிங்க. இந்த மட்டன்னா யாரு?"

"யாராவது பெரிய இடத்துக்காரங்களா இருக்கும். அவங்க வர்ற விருந்துக்கு நம்மளையும் கூப்பிட்டிருக்காங்க. சும்மாவா!"

குட்டிகளைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்துக் கூட்டிப்போனார்கள். வழியெல்லாம் சுடலைக்குயில் தலைக்கு மேலே பறந்து பறந்து கதறியது. "மழை வரும்போல" என்று மூக்கையா நடையை எட்டிப் போட்டார்.

விருந்து சிறப்பாக முடிந்தது. நரிக்கு எலும்பு கிடைத்தது.

அடுத்த வாரம் மான்கள் சங்கத்துக்கும் ஓர் அட்டை வந்தது. அவர்கள் விளம்பரம் எதுவும் செய்யவில்லை. நேராக நரியிடமே போனார்கள். விசாரித்துப் பார்த்ததில், வெள்ளாடுகள் தரப்பிலிருந்து இதுவரை ஒரு புகார்கூட வரவில்லையாம்.

நீதி: உண்மையைத் தாய்மொழியில் சொல்லிவிடாதே, கேட்பவருக்குப் புரிந்து தொலைத்தால் உன் வேலை போய்விடும்.